ஒரே வீட்டுக் கணினி, நான்கு கணக்குகள்: எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டர் சரியாக வேலை செய்ய என்ன செய்வது? (உபுண்டு 24.04)

#1 பச்சைத்திரை

வணக்கம். வீட்டில் ஒரு மேசைக் கணினி, உபுண்டு 24.04. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நான்கு கணக்குகள். படங்கள், பள்ளிப் பாடக் கோப்புகள், மின்கட்டண ரசீதுகள் எல்லாம் பொதுவாக ஓரிடத்தில் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம்.

/ஹோம்/பொது என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, சிஎச்மாட் -ஆர் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தாயிற்று. பழைய கோப்புகள் எல்லோருக்கும் திறக்கின்றன. ஆனால் புதிதாக ஒருவர் போடும் ஆவணம் மற்றவருக்குப் "படிக்க மட்டும்" என்றே லிப்ரெஆபிஸில் வருகிறது. விஎல்சியில் இன்னும் விசித்திரம்: அவரவர் போட்ட வீடியோ ஓடுகிறது, அடுத்தவர் போட்டது ஓடவில்லை. ஒவ்வொரு முறையும் 777 அடிக்காமல் இதை நிரந்தரமாகச் சரிசெய்ய முடியுமா? பெற்றோருக்கு மட்டும் தனியாக ஒரு ஃபோல்டரும் தேவை.

#2 கணினித்தறி

முடியும். முதலில் காரணம். சிஎச்மாட் அடிக்கும் நொடியில் உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும்தான் அது மாற்றும். அதற்குப் பின் பிறக்கும் கோப்பின் அனுமதியை முடிவு செய்வது, அதை உருவாக்கியவரின் யூமாஸ்க்கும் (புதுக் கோப்பில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்ற அமைப்பு) அவருடைய முதன்மைக் குழுவும். உபுண்டுவில் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஒரு தனிக் குழு உண்டு. அம்மா சேமிக்கும் கோப்புக்கு உரிமையாளர் அம்மா, குழுவும் அம்மா, அனுமதி 664 (மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்; 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க). கடைசி 4 தான் மற்ற மூவருக்கும் கிடைப்பது. அது படிக்க மட்டும்.

777-ஐ விட்டுவிடுங்கள். எல்லாப் படத்தையும் ஆவணத்தையும் அது இயக்கக்கூடிய கோப்பாக ஆக்கிவிட்டது, கணினியில் ஓடும் எந்தச் சேவையும் அவற்றை மாற்றலாம் என்றும் ஆக்கிவிட்டது.

செய்ய வேண்டியது இது. (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறு எழுத்து. "பெரிய" என்று சொல்லும் இடத்தில் மட்டும் பெரிய எழுத்து.)

முதலில் நால்வருக்கும் பொதுவாக ஒரு குழு:

சுடோ குரூப்ஆட் -ஜி 5000 வீடு

குழுப் பெயரை ஆங்கிலச் சிறு எழுத்திலேயே வையுங்கள். ஃபோல்டர் பெயர் தமிழிலும் இருக்கலாம். 5000 என்று எண்ணை நாமே கொடுப்பது எதற்கென்று பின்னால் யாராவது கேட்பார்கள், அப்போது சொல்கிறேன்.

சுடோ ஆட்யூசர் அப்பா வீடு

இதை நால்வருக்கும் தனித்தனியாக. இணையத்தில் பல இடங்களில் யூசர்மாட் -ஏஜி (ஜி மட்டும் பெரிய) என்று இருக்கும். அதில் -ஏ விட்டுப்போனால் அந்தப் பயனர் மற்ற துணைக் குழுக்களிலிருந்து எல்லாம் நீக்கப்படுவார், சுடோ (நிர்வாக உரிமை) குழு உட்பட. நிர்வாகக் கணக்குக்கு அப்படி ஆனால் ரெக்கவரி மோடில் போய்த்தான் மீட்க வேண்டும். ஆட்யூசரில் அந்த ஆபத்து இல்லை.

பிறகு ஃபோல்டர்:

சுடோ எம்கேடிர் /எஸ்ஆர்வி/பொது
சுடோ சிஎச்ஜிஆர்பி வீடு /எஸ்ஆர்வி/பொது
சுடோ சிஎச்மாட் 2770 /எஸ்ஆர்வி/பொது
சுடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர்(பெரிய) -எம் ஜி:வீடு:ஆர்டபிள்யூஎக்ஸ்,டி:ஜி:வீடு:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/பொது

கடைசி வரியில் இரண்டு எக்ஸும் பெரிய எக்ஸ். சிறிய எக்ஸ் போட்டால் கோப்புகள் எல்லாம் மறுபடி இயக்கக்கூடியவை ஆகிவிடும். 2770-இல் முதல் 2 என்பது செட்ஜிட்: உள்ளே உருவாகும் எதுவும் "வீடு" குழுவுக்குச் சொந்தமாகும், உள்ஃபோல்டருக்கும் அதே 2 இறங்கும். டி: என்று தொடங்கும் பகுதி இயல்பு அனுமதி, இனி பிறக்கும் கோப்புகளுக்கானது. வரிசையை மாற்றாதீர்கள். சிஎச்மாட் முன்பு, செட்எஃப்ஏசிஎல் பின்பு.

எல்லாம் முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். குழு உறுப்பினர் என்பது உள்நுழையும்போதுதான் ஏறும். திரையைப் பூட்டித் திறந்தால் ஏறாது. ஒவ்வொரு கணக்கிலும் டெர்மினலில் ஐடி என்று அடித்தால் 5000(வீடு) என்பது தெரிய வேண்டும். அது தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

#3 நூல்கண்டு

தறி அண்ணா, ஏசிஎல் (செட்எஃப்ஏசிஎல் போடும் கூடுதல் அனுமதிப் பட்டியல்) இவ்வளவு தேவையா? உபுண்டுவில் சாதாரணப் பயனருக்கு யூமாஸ்க் 0002. செட்ஜிட் மட்டும் போட்டாலே புதுக் கோப்பு 664, குழு "வீடு" என்று வந்துவிடும். நால்வரும் எழுதலாம். ஏசிஎல் போட்டால் எல்எஸ் பட்டியலில் ஒரு + குறி மட்டும் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் புரியாது.

#4 கணினித்தறி

நியாயமான கேள்வி. யூமாஸ்க் 0002 என்பது பயனர் பெயரும் முதன்மைக் குழுப் பெயரும் ஒன்றாக இருக்கும்போது மட்டும். ரூட் (நிர்வாகி) இயக்கும் எதற்கும் 022. பயனரே யூமாஸ்க்கை 077 என்று மாற்றி வைத்திருந்தாலும் செட்ஜிட் உதவாது. இயல்பு ஏசிஎல் உள்ள ஃபோல்டரில் யூமாஸ்க் கணக்கிலேயே வராது. நான்கு பேர் நான்கு விதமாகப் பயன்படுத்தும் கணினியில் அதுதான் உறுதியான பிடி.

#5 மணல்வரி

இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் வீட்டில் நடக்கும் பிரச்சினையில் பெரும்பகுதி இந்த இரண்டிலும் அடங்காது. புதுக் கோப்பு உருவாக்குவதைவிட, வேறு இடத்தில் இருப்பதைக் கொண்டுவந்து போடுவதுதான் வீட்டில் அதிகம். அங்கே மூன்று விதமாக நடக்கும்.

ஒன்று, நகர்த்துவது. ஒரே பார்ட்டிஷனுக்குள் ஃபைல்ஸ் செயலியில் இழுத்துப் போட்டால் அது நகர்த்தல். எம்வி கட்டளையும் அப்படியே. கோப்பு இடம் மட்டும்தான் மாறுகிறது. உரிமையாளர், குழு, அனுமதி எதுவும் மாறாது. செட்ஜிட்டும் இயல்பு ஏசிஎல்லும் உருவாகும் கணத்தில் மட்டுமே வேலை செய்பவை, இங்கே எதுவும் உருவாகவில்லை. டவுன்லோட்ஸிலிருந்து இழுத்துப் போட்ட பிடிஎஃப் பழைய அம்மா:அம்மா குழுவோடே வந்து உட்காரும்.

இரண்டு, நகலெடுப்பது. புதுக் கோப்பு உருவாகிறது, ஆகவே குழு சரியாக வரும். ஆனால் மூலக் கோப்பின் அனுமதி எண்ணும் கூடவே வரும். மூலம் 600 என்றால் நகலிலும் குழுவுக்கு ஒன்றும் கிடைக்காது. மூலம் 644 என்றால் படிக்க மட்டும். இயல்பு ஏசிஎல் இருந்தாலும் இதுதான் நிலை, ஏனென்றால் அந்த எண்ணின் நடு இலக்கம் ஏசிஎல்லின் மாஸ்க்காக மாறிவிடுகிறது. குழுவுக்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் மாஸ்க்குக்கு மேல் போகாது.

மூன்று, கேமரா கார்டு. வீட்டில் அதிகம் சிக்கும் இடம் இது. எஃப்ஏடி கார்டில் லினக்ஸ் அனுமதிகளே கிடையாது. செருகியவுடன் உபுண்டு அதைக் கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755 என்று காட்டுகிறது. அதிலிருந்து ஒரு முழு ஃபோல்டரை நகலெடுத்தால் அதே எண்கள் பொது ஃபோல்டருக்குள் வந்துவிடும். படங்களை எல்லோரும் பார்க்கலாம். நகலெடுத்தவரைத் தவிர வேறு யாரும் அந்த ஃபோல்டரில் ஒன்றைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

டெர்மினலில் நகலெடுப்பவர் சிபி -ஆர் --நோ-ப்ரிசர்வ்=மோட் என்று கொடுத்தால் இந்தச் சிக்கலே வராது. சுட்டியால் இழுப்பவரிடம் அதைச் சொல்ல முடியாது.

#6 பச்சைத்திரை

தறி சொன்னபடி செய்தேன், நால்வர் கணக்கிலும் 5000 தெரிகிறது. புது ஆவணம் எல்லோருக்கும் திறந்து திருத்த வருகிறது. கார்டிலிருந்து இழுத்த படங்களில் ஒன்றுக்குக் கெட்எஃப்ஏசிஎல் போட்டதில் வந்தது இது:

யூசர்::ஆர்டபிள்யூ-
குரூப்::ஆர்டபிள்யூஎக்ஸ்  #எஃபெக்டிவ்:ஆர்--
குரூப்:வீடு:ஆர்டபிள்யூஎக்ஸ்  #எஃபெக்டிவ்:ஆர்--
மாஸ்க்::ஆர்--
அதர்::ஆர்--

மணல்வரி சொன்னதுதான் இது என்று நினைக்கிறேன். கடைசியில் அதர் வரியிலும் ஆர் இருக்கிறதே, வெளியாள் படிக்கலாமா?

#7 மணல்வரி

அதேதான். குழு வரியில் முழு அனுமதி இருக்கிறது, மாஸ்க் அதை ஆர் அளவுக்கு வெட்டுகிறது. எஃபெக்டிவ் என்று பக்கத்தில் காட்டுவதுதான் நிஜமாகக் கிடைப்பது. அதர் வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலே /எஸ்ஆர்வி/பொது 2770 என்று இருப்பதால், குழுவில் இல்லாத பயனர் உள்ளே நுழையவே முடியாது.

இதற்கு நேர்வழி, தறி கொடுத்த அதே செட்எஃப்ஏசிஎல் வரியை ரூட் மணிக்கொரு முறை ஓட்டுவது. அது மாஸ்க்கைத் திரும்பக் கணக்கிட்டு விரித்துவிடும். நகர்த்திப் போட்ட கோப்புகளுக்கும் வீடு குழுவின் வரியைச் சேர்த்துவிடும். /ஈடிசி/க்ரான்.ஹவர்லி ஃபோல்டரில் ஒரு சிறு கோப்பு. முதல் வரி #!/பின்/எஸ்எச், இரண்டாம் வரி அந்தக் கட்டளை, சுடோ இல்லாமல். பிறகு அதற்கு சிஎச்மாட் 755.

கவனிக்க வேண்டியது கோப்பின் பெயர். க்ரான் (வேலைகளை நேரப்படி ஓட்டும் சேவை) அந்த ஃபோல்டரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டும் உள்ள பெயர்களையே எடுக்கும். பெயரில் ஒரு புள்ளி இருந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பின்னால் .எஸ்எச் சேர்த்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. தமிழ்ப் பெயரும் கூடாது. உபுண்டுவில் மணிக்கணக்கு வேலைகள் ஒவ்வொரு மணியும் 17-ஆம் நிமிடத்தில் ஓடும். அவசரமென்றால் அதே கோப்பைச் சுடோவோடு கையால் ஓட்டலாம்.

இதன் விளைவையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். பொது ஃபோல்டரில் போட்ட எதையும் 600 என்று தனியாகப் பூட்டி வைக்க முடியாது, அடுத்த மணி நேரத்தில் திறந்துவிடும். தனியானது அவரவர் வீட்டு அடைவிலேயே இருக்கட்டும்.

#8 நூல்கண்டு

பழைய /ஹோம்/பொது கோப்புகளைக் கொண்டுவரும்போது ஒன்று. அவை எல்லாம் 777 வாங்கியவை. பெரிய எக்ஸ் என்பது "ஃபோல்டருக்கும், ஏற்கெனவே யாருக்காவது எக்ஸ் உள்ள கோப்புக்கும்" என்று பொருள்படும். ஆகவே 777 வாங்கிய படம் எப்போதும் இயக்கக்கூடியதாகவே இருக்கும். முதலில் துடைக்க வேண்டும்:

சுடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பொது -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 660 {} +
சுடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பொது -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 2770 {} +

இதற்குப் பிறகு செட்எஃப்ஏசிஎல். பாதையை இரண்டு முறை படித்துவிட்டு எண்டர் தட்டுங்கள். முதல் /-க்கும் எஸ்ஆர்வி-க்கும் நடுவில் தவறி ஓர் இடைவெளி விழுந்தால் முழுக் கணினியும் போய்விடும்.

#9 கற்றல்மேசை

விஎல்சி பற்றி யாரும் சொல்லவில்லையே. அது கோப்பு அனுமதியால் வருவதில்லை, ஸ்னாப்பால் (செயலியைத் தனிக் கூண்டுக்குள் ஓட்டும் நிறுவல் முறை) வருவது. ஆப் சென்டரிலிருந்து நிறுவிய விஎல்சி ஸ்னாப்பாகத்தான் வந்திருக்கும். ஸ்னாப் செயலிகளுக்கு /ஹோம் கீழே இருப்பதில், ஓட்டுபவருக்கே சொந்தமான கோப்புகளைத் திறக்கத்தான் உரிமை. அதனால்தான் தன் வீடியோ ஓடுகிறது, அடுத்தவருடையது ஓடவில்லை. 777 கொடுத்தாலும் மாறாது. இப்போது /எஸ்ஆர்வி-க்கு மாற்றியதும் எதுவுமே ஓடாது, அந்த இடம் ஸ்னாப்புக்குத் தெரியவே தெரியாது.

வழி: ஸ்னாப்புக்கு /மீடியா, /எம்என்டி இரண்டையும் திறந்துவிடும் ஓர் இணைப்பு உண்டு. சுடோ ஸ்னாப் கனெக்ட் விஎல்சி:ரிமூவபிள்-மீடியா. பிறகு பொது ஃபோல்டரை அங்கே காட்ட வேண்டும். சுடோ எம்கேடிர் /எம்என்டி/பொது செய்து, /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் (கணினி தொடங்கும்போது எதை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) ஒரு வரி:

/எஸ்ஆர்வி/பொது /எம்என்டி/பொது நன் பைண்ட் 0 0

எந்த ஸ்னாப்புக்கு எது இணைந்திருக்கிறது என்பதை ஸ்னாப் கனெக்ஷன்ஸ் விஎல்சி காட்டும். இவ்வளவும் வேண்டாமென்றால் ஏபிடி (உபுண்டுவின் வழக்கமான நிறுவல் கட்டளை) வழியாக விஎல்சியை நிறுவுங்கள், இந்தத் தடை அதற்கு இல்லை. வீட்டுக் கணினிக்கு என் பரிந்துரை அதுதான்.

#10 மணல்வரி

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வரும்போது காரணம் எந்தப் படியில் என்று பார்க்க நேம்ஐ -எல் என்ற கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுங்கள். /-இலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிவரியாகக் காட்டும். நடுவில் ஒரு ஃபோல்டரில் எக்ஸ் இல்லையென்றால் கீழே எவ்வளவு திறந்து வைத்தாலும் பயனில்லை.

ஒருவர் வீட்டு அடைவுக்குள் இருக்கும் ஃபோல்டருக்கு இன்னொருவர் குறுக்குவழி போட்டால் திறக்காததும் இதனால்தான். உபுண்டு 21.04 முதல் புதிய கணக்குகளின் வீட்டு அடைவு 750. அதற்கு முன்பு 755 என்பதால் பழைய வழிகாட்டிகளில் அது வேலை செய்வதாக எழுதியிருக்கும்.

#11 பச்சைத்திரை

ஏபிடி விஎல்சி நிறுவியாயிற்று, எல்லாம் ஓடுகிறது. இரண்டு கேள்விகள். பிள்ளைகள் தவறுதலாகப் பெரியவர்களின் கோப்பை அழித்துவிடாமல் தடுக்கலாமா? ஒரு கோப்பு அழிந்துவிட்டால் யார் குப்பைத்தொட்டியில் தேடுவது?

#12 கணினித்தறி

அழிப்பது என்பது கோப்பின் அனுமதியைப் பொறுத்தது இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுத முடியுமா என்பதைப் பொறுத்தது. கோப்பை 444 என்று வைத்தாலும் குழுவில் உள்ள யாரும் அழிக்கலாம். தடுக்க ஸ்டிக்கி பிட் உண்டு. அந்த ஃபோல்டருக்கு 2770-க்குப் பதிலாக 3770. அப்போது கோப்பின் உரிமையாளரும் ஃபோல்டரின் உரிமையாளரும் மட்டுமே அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியும். ஸ்டிக்கி உள்ஃபோல்டருக்குத் தானாக இறங்காது.

ஆனால் எல்லோரும் திருத்தும் ஃபோல்டரில் ஸ்டிக்கி போடாதீர்கள். உபுண்டுவில் எஃப்எஸ்.ப்ரொடெக்டெட்_ரெகுலர் என்ற கெர்னல் அமைப்பு 2 என்று இருக்கும். ஸ்டிக்கி உள்ள, குழு எழுதக்கூடிய ஃபோல்டரில் அடுத்தவர் கோப்பைச் செயலி "இல்லையென்றால் உருவாக்கு" என்ற முறையில் திறந்தால் அது மறுத்துவிடும், எழுத அனுமதி இருந்தாலும். அனுமதி எல்லாம் சரியாகத் தெரியும், சேமிக்க மட்டும் வராது. தேடினாலும் காரணம் கிடைக்காது. தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றிச் சேமிக்கும் திருத்திகளுக்கு, அந்தப் பெயர் மாற்றத்தையே ஸ்டிக்கி தடுக்கும். படங்களைச் சேமித்து மட்டும் வைக்கும் ஃபோல்டருக்கு ஸ்டிக்கி, திருத்தும் ஆவணங்களுக்கு வேண்டாம்.

குப்பைத்தொட்டி: அழித்தவரின் தொட்டியில்தான் கிடக்கும். உரிமையாளர் தன் தொட்டியில் தேடினால் கிடைக்காது.

பெற்றோர் ஃபோல்டருக்கு இதே படிகளை 5001 எண்ணில் இன்னொரு குழுவோடு செய்யுங்கள். பிள்ளைகள் கணக்கு நிர்வாகி வகையில் இருக்கிறதா என்று அமைப்புகளில் ஒருமுறை பாருங்கள். சுடோ உள்ளவருக்கு எந்த ஃபோல்டரும் மூடியதில்லை.

#13 தென்னங்கீற்று

இதே கணினியில் விண்டோஸும் இருந்து, பொதுக் கோப்புகள் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் இருந்தால்?

#14 நூல்கண்டு

அங்கே இந்த வேலை எல்லாம் தேவையில்லை. எஃப்எஸ்டேப் வரியில் வகை என்டிஎஃப்எஸ்-3ஜி, விருப்பங்களில் ஜிஐடி=5000,யூமாஸ்க்=0007,நோஃபெயில். உள்ளே இருப்பது எல்லாமே வீடு குழுவுக்கு 770 என்று தெரியும். கேமரா கார்டுச் சிக்கலும் இல்லை. சிஎச்மாட் அங்கே எதையும் மாற்றாது.

அது திடீரென்று படிக்க மட்டும் ஆனால் காரணம் பெரும்பாலும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் என்று அழுத்தினாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில் வட்டைப் பிடித்து வைத்திருக்கும். விண்டோஸில் நிர்வாகியாகக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் கொடுங்கள். வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் விருப்பங்களைத் தொடாதீர்கள், கோப்புகள் சிதையும்.

#15 கற்றல்மேசை

விண்டோஸிலிருந்து எக்ஸ்ட்4-க்கு (உபுண்டுவின் வழக்கமான வட்டு வடிவம்) மாற்றுபவர்கள் தமிழ்க் கோப்புப் பெயர்களைக் கவனியுங்கள். எக்ஸ்ட்4-இல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "கொ" போல உயிர்மெய் இரண்டு குறியீடு, 6 பைட். ஆக 85 குறியீடுகள்தான். பார்வைக்கு ஐம்பது சொச்சம் எழுத்து. என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறியீடு வரை போகும். பாடத் தலைப்பை முழுதாகப் பெயராக வைத்த கோப்புகள் "பெயர் மிக நீளம்" என்று நகலெடுப்பில் விடுபடும். விடுபட்டவற்றின் பட்டியலைப் பார்க்காமல் மூலத்தை அழிக்காதீர்கள்.

#16 தென்னங்கீற்று

நன்றி. குழு எண்ணை 5000 என்று ஏன் கொடுத்தீர்கள் என்று தறி சொல்லவே இல்லையே?

#17 கணினித்தறி

வட்டில் பதிவாவது குழுவின் பெயர் இல்லை, எண். கணினியை மறுநிறுவல் செய்யும்போது எண்ணைத் தானாக ஒதுக்க விட்டால் வேறு எண் வரலாம். பழைய கோப்புகள் எல்லாம் யாருமற்ற எண்ணுக்குச் சொந்தமாகத் தெரியும். 5000 என்று நாமே கொடுத்தால் மறுநிறுவலிலும் அதையே கொடுக்கலாம். பயனர்களுக்கும் இதே விதி: 1000, 1001 என்று முன்பு உருவாக்கிய வரிசையிலேயே கணக்குகளை உருவாக்குங்கள்.

காப்பெடுக்கும்போது ஆர்சிங்க் -ஏ மட்டும் கொடுத்தால் ஏசிஎல் வராது. -ஏ-யோடு பெரிய ஏ-யும் சேர்க்க வேண்டும். வாங்கும் வட்டும் எக்ஸ்ட்4 ஆக இருக்கட்டும்.

#18 பச்சைத்திரை

கடைசியாக ஒன்று. ஓர் ஆவணத்தைத் திறந்தால் "அம்மா பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்" என்று வருகிறது. அவர் கணினியில் இல்லை.

#19 மணல்வரி

அம்மா வெளியேறாமல் பயனரை மட்டும் மாற்றியிருந்தால் அவருடைய லிப்ரெஆபிஸ் பின்னால் இன்னும் திறந்தே இருக்கும். டெர்மினலில் ஹூ என்று அடித்தால் யார் யார் உள்ளே என்று தெரியும். அவர் பெயர் இருந்தால் அவர் கணக்குக்குப் போய்ச் சேமித்து மூடுங்கள். பூட்டை உடைத்து நீங்கள் திருத்தினால் ஒருவருடைய மாற்றம் போய்விடும்.

பெயர் இல்லையென்றால், மின்சாரம் போனபோது மிச்சப்பட்ட பூட்டுக் கோப்பு அது. அதே ஃபோல்டரில் கண்ட்ரோல்+எச் அழுத்தினால் .~லாக். என்று தொடங்கி # என்று முடியும் மறைகோப்பு தெரியும், அதை அழித்தால் போதும். அந்த ஃபோல்டருக்கு ஸ்டிக்கி போட்டிருந்தால் அதை அம்மா கணக்கிலிருந்தோ சுடோ வழியாகவோதான் அழிக்க முடியும்.